கட்டளைப் பதிவின் வரலாறு: நினைவுத்துணையும் கண்காணிப்பும்

கணினியின் வரலாறு பெரும்பாலும் பொறிகளின் வரலாறாகவும் அவற்றை ஆக்கியோரின் வரலாறாகவுமே எழுதப்பட்டுள்ளது. பொறியின் முன்னமர்ந்து உழைத்தோர் என்ன செய்தனர் என்பதற்குச் சான்றாக நிற்பவை, முனையத்தில் அவர்கள் இட்ட கட்டளைகளின் பதிவுகளாகும். அப்பதிவு யாருக்காக, யாருடைய கட்டுப்பாட்டில் வைக்கப்பட்டது என்னும் வினாவை யுனிக்ஸ் மரபினை ஆதாரமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

1969இல் பெல் ஆய்வுகூடத்தில் யுனிக்ஸ் உருவாகத் தொடங்கிய காலத்தில், தொலைத்தட்டச்சுப் பொறியே முனையமாகப் பயன்பட்டது. மொடல் 33 எனப்பட்ட பொறி செக்கனுக்குப் பத்து எழுத்துக்களைக் காகிதச் சுருளில் அச்சிட்டது. கட்டளையும் அதற்குக் கிடைத்த விடையும் ஒருங்கே காகிதத்திற் பதிந்தன. பதிவு வைத்தல் அங்கு தனியான செயலன்று; வேலையின் உடன்விளைவாகும். சுருளைக் கிழித்தெடுத்துப் பேணுவதும் எறிவதும் உழைப்பவரையே சார்ந்திருந்தன.

திரை முனையங்கள் பரவியதும் நிலைமை மாறிற்று. 1978இல் வெளிவந்த வீரீ-100 முனையம் 24 வரிகளையே காட்டிற்று. மேலே சென்று மறைந்த வரி மீளாது. இவ்விழப்பை ஈடுசெய்யத்தக்க கருவிகள் 1970களின் பிற்பகுதியில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் தோன்றின. பில் ஜோய் ஆக்கிய சீ ஷெல், இட்ட கட்டளைகளை நினைவில் வைத்தது. இரு வியப்புக்குறிகளைத் தட்டினால் முந்திய கட்டளை மீண்டும் இயங்கிற்று. ‘ஸ்கிரிப்ற்’ என்னும் கட்டளையோ அமர்வு முழுவதையும், விடைகள் உட்பட, கோப்பில் எழுதிற்று. அக்கோப்புக்குத் தானாகவே இடப்படும் பெயர் ‘தட்டச்சுப்படி’ எனப் பொருள்படுவது. காகிதம் மறைந்த பின்னரும் அதன் பெயர் நிலைத்தமை மனங்கொள்ளத்தக்கது.

இத்தகைய நினைவுத்துணையின் தேவை ஆய்வுவழியும் உறுதிப்பட்டது. கல்கரிப் பல்கலைக்கழகத்தில் சோல் கிறீன்பேர்க் 168 பயனாளரின் கட்டளைகளைத் திரட்டி 1988இல் வெளியிட்டார். இடப்பட்ட வரிகளுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, அதே பயனாளர் முன்னரும் இட்டவையே.

ஆயின், உழைப்பவரின் நினைவைக் காக்கும் பதிவு, அவரைக் கண்காணிக்கும் பதிவாகவும் மாறக்கூடியது. கொடுப்பனவு அட்டைத் தொழிற்றுறை 2004இல் வகுத்த பாதுகாப்புத் தரநியமம், நிருவாக அதிகாரமுடைய பயனாளரின் செயல்கள் யாவும் பதியப்படல் வேண்டுமென விதித்தது. பொதுமக்களின் தரவுகளைக் காக்க அது அவசியமே. எனினும், காகிதச் சுருளைப் போலன்றி, இப்பதிவு உழைப்பவரின் கையை விட்டு நிறுவனத்தின் உடைமையாகின்றது.

சான்று என்ற வகையில் இப்பதிவுகளின் வரையறைகளையும் நோக்குதல் வேண்டும். 1989இல் பிறையன் பொக்ஸ் வெளியிட்ட பாஷ், வழமையாக அமர்வு முடியும்போதே கட்டளைகளைக் கோப்பில் எழுதும். தனியாக அமைத்தாலன்றி நேரத்தைக் குறிக்காது. கிடைத்த விடையை ஒருபோதும் பதியாது. பயனாளர் அதனைத் திருத்தவும் அழிக்கவும் முடியும். நிறுவனம் தனியே பேணும் பதிவு இக்குறைகளுட் சிலவற்றை நீக்கலாம். ஆயினும் ஒரு கட்டளை எந்த நோக்கத்துடன், எவருடைய பணிப்பின்பேரில் இடப்பட்டது என்பதை அதுவும் கூறாது.

ஆகவே, பதிவின் வரிகளை மட்டும் கொண்டு ஒருவர்மீது குற்றஞ்சாட்டுதல் வரலாற்று நெறிக்கும் நீதிக்கும் முரணானதாகும். எவருடைய உழைப்பு பதியப்படுகின்றதோ, அவர் அப்பதிவை வாசிக்கவும் அதற்கு விளக்கமளிக்கவும் உரிமையுடையவராதல் வேண்டும்.