யாசிதி உயிர்மீண்டோர் சட்டம்

யாசிதி உயிர்மீண்டோர் சட்டம், ஐ.எஸ். அமைப்பு நடத்திய இனப்படுகொலையிலிருந்து தப்பிய சிறுபான்மையினருக்காக ஈராக் நாடாளுமன்றம் 2021 மார்ச் 1 அன்று நிறைவேற்றிய சட்டம். அந்நாட்டுச் சட்ட வரிசையில் இது 2021ஆம் ஆண்டின் 8ஆம் எண் சட்டம். மாத ஊதியம், வீட்டுமனை, படிப்பு, அரசு வேலை, மருத்துவம் ஆகியவற்றை இது உயிர்மீண்டோரின் உரிமையாக்கியது. அரபுத் தலைப்பில் உள்ள ‘நாஜியாத்’ என்னும் சொல் பெண்பால் பன்மை. தப்பி மீண்ட பெண்கள் என்று பொருள். யாரை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டது என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. போரில் சூறையாடப்பட்ட பெண்களை இரக்கத்துக்குரியவர்களாகப் பார்க்கும் வழக்கத்தை விட்டு, அரசு அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது என்று எழுத்தில் ஒப்புக்கொண்டதே இதன் பெருமை. அதே ஈராக்கின் குற்றவியல் சட்டத்தில் இனப்படுகொலை என்ற குற்றமே இல்லாதிருந்தது இதன் பெருங்குறை.

பின்னணி

யாசிதிகள் வட ஈராக்கில் சிஞ்சார் மலையைச் சுற்றியும், தங்கள் புனிதத் தலமான லாலிஷ் பள்ளத்தாக்கை ஒட்டியும் வாழ்ந்துவரும் பழமையான சமயத்தினர். மயில் வடிவில் உருவகிக்கப்படும் தேவதூதரை வணங்குவதால், அவர்களைச் சாத்தானை வழிபடுவோர் என்று பழித்து வேட்டையாடும் கொடுமை நூற்றாண்டுகளாகத் தொடர்ந்தது. தங்கள்மீது நடந்த ஒவ்வொரு படுகொலையையும் அவர்கள் ‘ஃபெர்மான்’ என்கிறார்கள். ஒட்டோமன் ஆட்சியில் அரசாணைக்கு இருந்த பெயர் அது. ஆணையும் அழிவும் அவர்கள் மொழியில் ஒரே சொல்லாகிப் போயின. 2014இல் நடந்ததை 74ஆவது ஃபெர்மான் என்று எண்ணுகிறார்கள்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 3 விடியலில் ஐ.எஸ். படை சிஞ்சாருக்குள் நுழைந்தது. காவலுக்கு இருந்த குர்திஷ் பேஷ்மெர்கா வீரர்கள் அதற்கு முன்பே பின்வாங்கியிருந்தனர். பல்லாயிரம் பேர் மலைமேல் ஏறி, ஆகஸ்ட் வெயிலில் தண்ணீரின்றித் தவித்தனர். ஆகஸ்ட் 15 அன்று கோச்சோ கிராமத்தில் ஆண்கள் கொன்று குவிக்கப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் கொண்டுசெல்லப்பட்டு, வயது பார்த்துப் பிரிக்கப்பட்டு, சந்தையில் விற்கப்பட்டனர். குர்திஸ்தான் அரசின் மீட்பு அலுவலகக் கணக்குப்படி கடத்தப்பட்டவர்கள் 6,417 பேர். 2018இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற நாதியா முராத் அந்தக் கோச்சோவைச் சேர்ந்தவர். நடந்தது இனப்படுகொலை என்று ஐ.நா.வின் சிரியா விசாரணை ஆணையம் 2016 ஜூனில் அறிவித்தது.

சட்டம் வந்த வழி

முதல் வரைவை 2019இல் அன்றைய குடியரசுத் தலைவர் பர்ஹம் சாலிஹ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். அது யாசிதிப் பெண்களை மட்டுமே கருதியது. பெண்கள் அமைப்புகளும் உயிர்மீண்டவர்களும் வற்புறுத்தியதன்பேரில் துருக்மேன், கிறித்தவ, ஷபக் சமூகங்களும் சேர்க்கப்பட்டன. நிறைவேற ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. சட்டம் வருவதற்குச் சில வாரங்கள் முன்பு, 2021 பிப்ரவரியில், கூட்டுப் புதைகுழிகளிலிருந்து எடுத்து அடையாளம் காணப்பட்ட 104 பேரின் எச்சங்கள் கோச்சோவில் முறைப்படி அடக்கம் செய்யப்பட்டன.

மாத ஊதியம் குறைந்தபட்ச ஓய்வூதியத்தின் இரு மடங்குக்குக் குறையக் கூடாது என்கிறது சட்டம். நடைமுறையில் அது 8,00,000 தினார் ஆனது. கடனுதவியோடு கூடிய வீட்டுமனை அல்லது ஒரு வீடு, வயது வரம்பின்றிக் கல்வியைத் தொடரும் வாய்ப்பு, அரசுப் பணியிடங்களில் 2 விழுக்காடு ஒதுக்கீடு, உடலுக்கும் மனத்துக்கும் சிகிச்சை ஆகியனவும் உண்டு. ஆகஸ்ட் 3 தேசிய நினைவு நாளாயிற்று. குற்றவாளிகள் எந்தப் பொதுமன்னிப்பிலும் தப்ப முடியாது என்று ஒரு பிரிவு தடுக்கிறது. இவற்றை நடத்த, தொழிலாளர் மற்றும் சமூக நல அமைச்சகத்தின் கீழ் உயிர்மீண்டோர் நலனுக்கான தனி இயக்குநரகம் அமைந்தது.

விண்ணப்பமும் சான்றும்

ஊதியம் முதன்முதலாகக் கைக்கு வந்தது 2023 மார்ச்சில். சட்டம் பிறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, சிறு எண்ணிக்கையினருக்கு. தாமதத்தைவிடக் கொடுமையானது சான்று கேட்ட விதம். விண்ணப்பங்களை ஆராயும் குழு, குற்றப் புகார் பதிவு செய்து அதன் விசாரணை ஆவணங்களையும் இணைக்க வேண்டும் என்றது. சட்டத்தின் வாசகத்தில் இப்படி ஒரு நிபந்தனை இல்லை. ஏற்கெனவே பல அமைப்புகளிடம் சொல்லி முடித்த கதையை அந்தப் பெண்கள் மறுபடியும் காவல் துறையிடமும் நீதிமன்றத்திலும் சொல்லவேண்டி வந்தது. இடம்பெயர்ந்தோர் முகாமில் இருப்பவர்களுக்கு அது அலைச்சல். ஜெர்மனிக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ குடிபெயர்ந்தவர்களுக்கு ஏறக்குறைய எட்டாத வேலை. மனித உரிமை அமைப்புகள் இதைக் கண்டித்தன. உதவி பெற வழக்கு போடு என்பது, உதவியை உரிமை என்று சொன்ன சட்டத்தின் நெஞ்சிலேயே குத்துவதாகும்.

வன்புணர்வில் பிறந்த குழந்தைகளைப் பற்றிச் சட்டம் வாய் திறக்கவில்லை. தந்தை அறியப்படாத குழந்தையை முஸ்லிமாகவே பதியும் வழக்கம் ஈராக்கில் நிலவுகிறது. யாசிதி மரபோ, பெற்றோர் இருவரும் யாசிதியாக இருந்தால்தான் பிள்ளையை ஏற்கும். அடிமைத்தளையிலிருந்து மீண்ட பெண்களை மதத்தலைவர் பாபா ஷேக் லாலிஷுக்கு வரவழைத்து, புனித நீரால் ஆசி வழங்கி ஏற்றுக்கொண்டது அந்தச் சமூகம் எடுத்த துணிச்சலான முடிவு. 2019இல் சமய மன்றம், குழந்தைகளை அந்த அணைப்பில் சேர்க்க முடியாது என்று விளக்கமளித்தது. ஊர் திரும்புவதா, பெற்ற பிள்ளையை வைத்துக்கொள்வதா என்று பல தாய்மார்கள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. மனையும் ஊதியமும் தந்த சட்டம் அவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வழியும் காட்டவில்லை.

அமெரிக்கச் சட்டம்

இதே நோக்கில் அமெரிக்கா முன்னரே ஒரு சட்டம் இயற்றியிருந்தது. நியூ ஜெர்சியின் குடியரசுக் கட்சி உறுப்பினர் கிறிஸ் ஸ்மித், கலிபோர்னியாவின் ஜனநாயகக் கட்சி உறுப்பினர் அன்னா எஷூ ஆகிய இருவரும் சேர்ந்து கொண்டுவந்த ஈராக் சிரியா இனப்படுகொலை நிவாரண, பொறுப்புக்கூறல் சட்டத்தில் 2018 டிசம்பர் 11 அன்று டிரம்ப் கையெழுத்திட்டார். யாசிதிகள், கிறித்தவர்கள் உள்ளிட்ட சிறுபான்மையினருக்கு, சமய அமைப்புகள் வழியாகவும் உதவி வழங்க அது வகைசெய்தது. ஐ.நா. முகாம்களுக்கு வெளியே, எர்பில் நகரில் திருச்சபையின் நிழலில் தங்கியிருந்த கிறித்தவக் குடும்பங்களுக்கு உதவி சென்று சேரவில்லை என்ற முறையீடு இந்தப் பிரிவுக்குப் பின்னால் இருந்தது. சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்கும் புலனாய்வுக்கும் அது ஆதரவளித்தது. அந்தச் சட்டம் நம்பியிருந்த, அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யு.எஸ்.எய்ட் 2025 ஜூலையில் மூடப்பட்டது. வெளியிலிருந்து வரும் உதவி, கொடுக்கும் நாட்டின் அரசியல் மாறினால் வற்றிவிடும். ஈராக்கின் சட்டம் அதன் சொந்தக் கருவூலத்தைச் சார்ந்திருப்பது இதனால்தான் முக்கியமாகிறது.

தண்டனை

ஈராக் நீதிமன்றங்கள் ஐ.எஸ். உறுப்பினர்களை 2005ஆம் ஆண்டின் பயங்கரவாத எதிர்ப்புச் சட்டத்தின்கீழ் விசாரித்தன. அமைப்பில் சேர்ந்திருந்தான் என்று நிறுவினாலே மரண தண்டனை வரை போகலாம். யாரை விலைக்கு வாங்கினான், எங்கே அடைத்துவைத்தான் என்று எவரும் கேட்கத் தேவையில்லை. 2020 மார்ச்சில் பாக்தாதில் ஒரு யாசிதிப் பெண் தன்னைச் சிறைவைத்தவனை நேருக்கு நேர் நின்று சுட்டிக்காட்டினார். அப்படியொரு வாய்ப்பு வேறு எவருக்கும் எளிதில் கிட்டவில்லை. சான்றுகளைத் திரட்ட 2017இல் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் அமைத்த யுனிடாட் குழு, மரண தண்டனை இருப்பதால் தன்னிடம் இருந்ததை ஈராக்குடன் முழுமையாகப் பகிரத் தயங்கியது. ஈராக் அரசின் விருப்பப்படி அக்குழு 2024 செப்டம்பரில் கலைந்தது.

யாசிதிகளுக்கு இழைக்கப்பட்டது இனப்படுகொலை என்று குற்றவாளி ஒருவனிடமே சொன்ன முதல் தீர்ப்பு ஜெர்மனியில் வந்தது. தாயோடு விலைக்கு வாங்கப்பட்ட ஐந்து வயதுச் சிறுமியை ஃபலூஜாவில் சுடுவெயிலில் சன்னலில் கட்டிவைத்துச் சாகவிட்ட ஈராக்கியனுக்கு, 2021 நவம்பர் 30 அன்று ஃபிராங்ஃபர்ட் உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. குற்றம் நடந்தது ஈராக்கில். குற்றவாளி கைதானது கிரேக்கத்தில். எங்கு நடந்தாலும் இனப்படுகொலையை விசாரிக்கலாம் என்ற கொள்கையை ஜெர்மனியின் சட்டம் ஏற்றிருந்ததால்தான் அந்தத் தாயால் சாட்சிக் கூண்டில் ஏற முடிந்தது. அவருக்கு இழப்பீடும் அந்தத் தீர்ப்பிலேயே கிடைத்தது. 2025 பிப்ரவரியில் சுவீடனும் ஒரு பெண்ணை இதே குற்றத்துக்காகத் தண்டித்தது.

கடத்தப்பட்டவர்களில் 2,500க்கும் மேற்பட்டோர் பற்றி இன்னும் தகவல் இல்லை. அவர்களைத் தேடுவதும், புதைகுழிகளைத் தோண்டி அடையாளம் காண்பதும் அரசின் கடமை என்கிறது 8ஆம் எண் சட்டம். 11 வயதில் சிஞ்சாரிலிருந்து கடத்தப்பட்ட ஒரு பெண் 2024 அக்டோபரில் காசாவிலிருந்து மீட்கப்பட்டுக் குடும்பத்தோடு சேர்ந்தபோது அவருக்கு வயது 21.