குறி தவறிய ரிவோல்வர்



முத்திரை சேர்ப்பவர்களையும் நாணயம் சேர்ப்பவர்களையும் நாம் அறிவோம். மேல்நாடுகளில் பழைய ரிவோல்வர்களைத் தேடிச் சேர்ப்பவர்களும் ஏராளம். நான் அவர்களுள் ஒருவனல்லன். துப்பாக்கியைக் கண்டால் எட்டி நிற்பவன். ஆயினும், கவிதை வாசகன் என்ற வகையில் ஒரு ரிவோல்வரின் கதை நெடுநாளாக என் மனதை விட்டு அகலவில்லை.

இந்தச் சேகரிப்பாளர்களின் சந்தைக்குத் தனி நியதிகள் உண்டு. துப்பாக்கி சுடுமா என்பது அங்கு முதற்கேள்வியன்று. உறுப்புகள் யாவும் தொழிற்சாலையில் பொருத்தியவையா, வரிசை இலக்கங்கள் ஒன்றோடொன்று ஒத்துள்ளனவா, இரும்பின் நீல மெருகு பழையதா என்றே பார்ப்பார்கள். புதிதாக மெருகிட்டுப் பளபளக்க வைத்தால் விலை விழுந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது யார் கையில் இருந்தது, அதற்குச் சான்று என்ன என்று கேட்பார்கள். 1881 இல் பில்லி த கிட் என்ற கொள்ளையனைச் சுட்டுக்கொன்ற ஷெரிப் பட் கரெட்டின் கோல்ட் ரிவோல்வர், 2021 இல் 60 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று. அதே மாதிரியான ரிவோல்வர்களைக் கோல்ட் கொம்பனி இலட்சக்கணக்கில் செய்து விற்றது. இரும்பு ஒன்றுதான், கதைதான் வேறு.

நான் சொல்லவந்த ரிவோல்வர் பிரஸல்ஸ் நகரத்துக் கடையொன்றில் 23 பிராங்குக்கு வாங்கப்பட்டது. லெபோஷோ முறையில் அமைந்த, 7 மில்லிமீற்றர் குண்டு ஆறு கொள்ளும் சிறு கருவி. தோட்டாவின் பக்கவாட்டில் ஊசி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். சுத்தி அதன்மேல் விழ, குண்டு வெடிக்கும். வாங்கியவர் பிரெஞ்சுக் கவிஞர் போல் வெர்லேன். நாள் 1873 ஜூலை 10. அன்று பிற்பகல் ஹோட்டல் அறையில், தன்னைப் பிரிந்து போகப் புறப்பட்ட இளங்கவிஞன் ஆர்தர் ரிம்போவை நோக்கி, மதுமயக்கத்திலிருந்த அவர் இருமுறை சுட்டார். ஒரு குண்டு இடது மணிக்கட்டில் பட்டது; மற்றது தவறியது. சுட்டவருக்கு வயது 29, சுடப்பட்டவனுக்கு 18. ரிம்போ முறைப்பாட்டை மீளப் பெற்றும், நீதிமன்றம் வெர்லேனுக்கு ஈராண்டுச் சிறை விதித்தது.

காயத்தோடு வீடு திரும்பிய ரிம்போ, முன்னரே தொடங்கியிருந்த தன் நூலை எழுதி முடித்தான். 'நரகத்தில் ஒரு பருவம்' என்று பொருள்படும் அந்நூல் அவ்வாண்டின் இறுதிக்குள் பிரஸல்ஸிலேயே அச்சாயிற்று. அச்சகத்தாருக்குக் கொடுக்க வேண்டிய மீதிப் பணம் அவனிடம் இல்லை. அடித்த சுமார் 500 பிரதிகளில் பெரும்பாலானவை அச்சகத்திலேயே கட்டுக்கட்டாகக் கிடந்தன. 1901 இல் அவை கண்டெடுக்கப்பட்டபோது, கவிஞன் இறந்து பத்தாண்டுகளாகி இருந்தன.

ரிவோல்வரோ வேறுவழி போயிற்று. பொலிஸார் கைப்பற்றிய பின் அது துப்பாக்கிக் கடைக்கே திரும்பியது என்பர். 1981 இல் அக்கடை மூடப்பட்டபோது தனியார் ஒருவரின் கைக்கு வந்தது. 2015 இல், வெர்லேன் சிறையிருந்த மொன்ஸ் நகரில் காட்சிக்கு வைக்கப்பட்டது. 2016 நவம்பர் 30 இல் பாரிஸில் கிறிஸ்டீஸ் நிறுவனம் ஏலமிட்டபோது, 60,000 யூரோ வரை எதிர்பார்த்த பொருள் 434,500 யூரோவுக்கு விலைபோனது.

மூன்றாண்டுகள் கழித்து, அதே பாரிஸில், அதே லெபோஷோ வகையைச் சேர்ந்த இன்னொரு துப்பாக்கி ஏலத்துக்கு வந்தது. ஓவியர் வான்கோ 1890 இல் தம்மைச் சுட்டுக்கொண்டது இதனால்தான் என்று கருதப்படுகிறது. 1960களில் ஒரு வயலில் கிடைத்த, துருவேறிய கருவி. உறுதியான சான்று இல்லை. ஆயினும் 162,500 யூரோ கிடைத்தது.

இத்தொகைகளைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இன்னொரு வியாபாரம் நினைவுக்கு வரும். கவிதையைக் கைவிட்டு ஆபிரிக்கா சென்ற ரிம்போ, பின்னாளில் தானே துப்பாக்கி வியாபாரியானான். ஐரோப்பா கழித்துவிட்ட பழைய துப்பாக்கிகள் சுமார் இரண்டாயிரத்தை ஒட்டகங்களில் ஏற்றி, பாலைவனம் கடந்து, 1887 இல் இன்றைய எதியோப்பியாவிலுள்ள ஷோவா நாட்டு மன்னன் மெனலிக்கிடம் விற்றான். மன்னன் விலையை அடித்துக் குறைத்தான்; இறந்துபோன கூட்டாளியின் கடனும் இவன் தலையில் விழுந்தது.

அவையும் பழைய துப்பாக்கிகளே. அவை யார் மார்பைத் துளைத்தன என்று எவரும் எழுதிவைக்கவில்லை. துளைக்கப்பட்டவர்கள் கவிஞர்களல்லர், ஆகவே அத்துப்பாக்கிகளுக்குக் கதையில்லை, கதையில்லாததால் சேகரிப்பாளரிடம் விலையும் இல்லை. சந்தையின் இந்தக் கணக்கு எனக்கு உவப்பானதன்று.

ஆனாலும் பிரஸல்ஸ் ரிவோல்வரைப் பொறுத்தவரை எனக்கொரு சமாதானம் உண்டு. மணிக்கட்டில் பட்ட குண்டு சற்று விலகி நெஞ்சில் பட்டிருந்தால் அந்நூல் அரைகுறையாக நின்றிருக்கும். 434,500 யூரோ கொடுத்தவர் இரும்புக்கு விலை கொடுக்கவில்லை. குறி தவறிய அந்தச் சில அங்குல இடைவெளிக்கே கொடுத்தார் என்று நான் எண்ணிக்கொள்கிறேன்.

அந்த இடைவெளியில் பிழைத்த சிறுநூல் இன்றும் கடைகளில் கிடைக்கிறது, நேயர்களே. ரிவோல்வரைவிட அது மிக மலிவு. வாங்கி வாசியுங்கள்.