வாயிலில் வாங்கிய சொற்கள்

பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பதும் குழூஉக்குறி என நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நாடோடிகளுக்கும் இரவலருக்கும் திருடருக்கும் அத்தகைய மொழி ஒன்று இருந்ததாகச் சொல்வர். அதைச் சொற்பட்டியலாகத் தொகுத்து அச்சேற்றியவர், கெண்ட் பகுதியில் வாழ்ந்த நிலக்கிழாரான தாமஸ் ஹார்மன். அவருடைய எச்சரிக்கை நூல் 1567-இல் வெளிவந்தது.

உடல்நலம் குன்றி வீட்டிலேயே தங்கியிருந்த ஹார்மன், வாயிலுக்கு வந்த ஏழைகளோடு உரையாடத் தொடங்கினார். உணவும் காசும் இனிய சொல்லும் கொடுத்து, அவர்களுடைய வாழ்க்கையையும் மொழியையும் கேட்டறிந்தார். அவர்கள் அஞ்சினர். தங்கள் கூட்டத்தின் வலியவர்கள் அறிந்தால் அடியோடு போகாது, உயிருக்கே ஆபத்து என்றனர். பெயரையோ காட்டியவற்றையோ ஒருபோதும் வெளியிடுவதில்லை என வாக்களித்தே அவற்றைப் பெற்றதாக ஹார்மனே எழுதுகிறார். அந்த வாக்கைச் சொல்லும் நூலிலேயே அவர்கள் காட்டியவை யாவும் அச்சாகியுள்ளன. இறுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடோடிகளின் பெயர்ப்பட்டியலும் உண்டு!

ஹார்மன் கண்ட ஏமாற்று முழுப் பொய்யன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். 1566-ஆம் ஆண்டு, புனிதர் அனைவர் பெருவிழாக் காலையில், லண்டனில் நிக்கொலஸ் ஜெனிங்ஸ் என்பவனை அவர் சந்தித்தார். முகத்தில் இரத்தமும் சேறும் பூசி, காக்கை வலிப்பு நோயாளியாக நடித்தவன் அவன். அச்சகச் சிறுவர்கள் நாள் முழுவதும் அவனைப் பின்தொடர்ந்தனர். பிடிபட்டபோது அவனிடம் இருந்தது ஏறத்தாழ 13 ஷில்லிங். கூலியாள் ஒருவனின் பல நாள் ஊதியம். மற்றொருவன் ஊமையாக நடித்தான். ஹார்மனும் ஒரு மருத்துவரும் சேர்ந்து, அவன் மணிக்கட்டுகளைக் கட்டி உத்தரத்தில் தூக்கினர். வலி தாங்காமல் அவன் கடவுளின் பெயரைச் சொல்லிக் கதறினான். ஹார்மன் இதை மனநிறைவோடு விவரிக்கிறார். நம்மால் அவ்வாறு படிக்க இயலவில்லை.

இத்தனை இரவலர் எங்கிருந்து வந்தனர்? 1536 முதல் 1540 வரை எட்டாம் ஹென்றி துறவற மடங்களை மூடியதே காரணம் எனக் கத்தோலிக்கராகிய நாம் சொல்ல விரும்புவோம். மடத்து வாயிலில் கிடைத்த உணவும், மடத்தை அண்டிப் பிழைத்த வேலையாள்களின் வாழ்வும் அன்றோடு போயின என்பது உண்மையே. ஆயினும் நாடோடிகளைச் சாட்டையால் அடிக்கும் சட்டம் 1531-லேயே வந்துவிட்டது. மக்கள்தொகை பெருகிற்று, விலைவாசி ஏறிற்று, ஆட்டு மந்தைக்காகப் பொதுநிலங்கள் வேலியிடப்பட்டன. 1547-ஆம் ஆண்டுச் சட்டமோ நாடோடியின் மார்பில் சூடிட்டு ஈராண்டு அடிமையாக்கவும் இடம் தந்தது. மூன்றாண்டுக்குள் அது நீக்கப்பட்டது. 1572-இல் காதில் துளையிடும் தண்டனை வந்தது. பிடிபட்டவர்களைப் பற்றிய ஆவணங்களில் பெரும்பாலும் தென்படுபவர்கள் தனியாகவோ இருவராகவோ திரிந்தவர்கள்; பலர் வேலை தேடிச் சென்றவர்கள். ஹார்மன் வருணிக்கும் படிநிலை கொண்ட கள்வர் கூட்டம் அவற்றில் அரிது. ஆனால் அச்சகங்களுக்கு அந்தக் கூட்டமே பிடித்திருந்தது. 1608-இல் தாமஸ் டெக்கர் ஹார்மனின் சொற்பட்டியலை எடுத்துத் தம் நூலில் சேர்த்துக்கொண்டார்.

இம்மொழி தோன்றி முப்பதாண்டுக்குச் சற்று மேல்தான் ஆகிறது என்று ஹார்மன் எழுதுகிறார். அதைப் படைத்தவன் தலையைத் தவிர முழுவதும் தூக்கிலிடப்பட்டான் என்று நகைச்சுவையும் சேர்க்கிறார். கயிறு கழுத்தில் விழுவதால் தலை தப்பியதாம். முப்பதாண்டு பின்னோக்கினால் மடங்கள் மூடப்பட்ட காலத்துக்கே வந்து சேர்கிறோம். இதிலிருந்து பெரிய முடிவு எதற்கும் நாம் தாவவில்லை.

பட்டியலை மட்டும் மீண்டும் பார்க்கிறோம். மது, வீடு, கோழி, தூக்குமரம் எனப் பசியும் பயமும் பேசும் சொற்களே மிகுதி. அவற்றிடையே கோயிலுக்கு ‘ஆட்டம்’, குருவுக்கு ‘பாட்ரிகோ’. இன்னொரு சொல் ‘சாலமன்’. அதன் பொருள் பலிபீடம் அல்லது திருப்பலி என எழுதியிருக்கிறார் ஹார்மன். ‘சாலமன் மீது ஆணை’ என்பது அவர்கள் ஆணையிடும் முறையாம். திருப்பலியைச் சட்டம் தடைசெய்து அப்போது எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. சிற்றூர்க் கோயில்களில் கற்பீடங்களை அகற்றி மரமேசைகளை இட்டிருந்தார்கள். வாயிலில் நின்ற அந்த ஏழைகள், தாம் சொல்வது மெய்யென்று ஹார்மனை நம்பச்செய்ய, அந்தப் பீடத்தின் மீதே ஆணையிட்டிருக்கக்கூடும்.