ஒரு வணக்கத்துக்கு எத்தனை வரி?



கோடை விடுமுறையில் பக்கத்து ஃபிளாட் சிறுமி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒன்பதாம் வகுப்பு, பள்ளியில் ஜாவா பாடம். “அங்கிள், திரையில ‘ஹலோ வேர்ல்ட்’னு வரணும், அவ்ளோதான். அதுக்கு ஏன் பப்ளிக், ஸ்டேட்டிக், வாய்ட், மெயின்னு இவ்ளோ எழுதணும்?” என்று கேட்டாள். “அதெல்லாம் அப்புறம் புரியும், இப்ப அப்படியே டைப் பண்ணு” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இருபத்தைந்து வருடங்களுக்கு முன் கணினி வகுப்பில் எனக்குக் கிடைத்ததும் இதே பதில்தான். அது புரியாமலே வகுப்பை விட்டு நின்றவர்கள் எங்களில் சிலர் உண்டு. இரவு மனசு உறுத்தியது. அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். நாளை உங்கள் வீட்டிலும் இதே கேள்வி வரலாம்.

‘ஹலோ வேர்ல்ட்’ ஜாவாவைவிட மூத்தது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் பிரையன் கெர்னிகன், ‘பி’ என்ற மொழிக்கு எழுதிய பாடக் குறிப்பில் இது வருகிறது. அந்த மொழியில் ஒரு எழுத்துத் துண்டில் நான்கு எழுத்துக்கு மேல் பிடிக்காது. அதனால் ஒரு வணக்கத்தை மூன்று துண்டாக வெட்டி அச்சிட்டார்! பிறகு 1978-இல் அவரும் டெனிஸ் ரிட்சியும் எழுதிய ‘சி’ மொழிப் புத்தகத்தின் மூலம் இந்த வாசகம் உலகெங்கும் பரவியது. முட்டையிலிருந்து வெளிவந்த கோழிக்குஞ்சு ‘ஹலோ வேர்ல்ட்’ சொல்வதுபோல ஒரு கேலிச்சித்திரம் பார்த்த ஞாபகம் என்று கெர்னிகன் பின்னாளில் சொன்னார்.

‘சி’யில் உண்மையான வேலை ஒரே வரிதான். ஜாவாவில் ஏன் கூடியது?

1991-இல் கலிஃபோர்னியாவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ‘கிரீன்’ என்ற சிறு குழு கூடியது. டிவி, செட்டாப் பாக்ஸ் போன்ற வீட்டுச் சாதனங்களுக்கு நிரல் எழுதுவது அவர்கள் நோக்கம். ஆனால் ஒவ்வொரு சாதனத்திலும் ஒவ்வொரு விதமான சிப். எல்லாவற்றிலும் ஓடக்கூடிய ஒரு மொழியைக் குழுவில் இருந்த ஜேம்ஸ் காஸ்லிங் உருவாக்கினார். அறைக்கு வெளியே நின்ற ஓக் மரத்தின் பெயரை வைத்தார். அந்தப் பெயர் வேறொரு நிறுவனத்திடம் இருந்ததால், காபியை நினைவூட்டும் ‘ஜாவா’ ஆனது. 1995 மே 23 அன்று உலகுக்கு அறிவித்தார்கள்.

இங்கேதான் அந்த இரண்டு படிகளுக்கும் காரணம் இருக்கிறது. நாம் எழுதியதை முதலில் ‘ஜாவாசி’ என்ற கம்பைலர் ‘பைட்கோட்’ என்ற பொது வடிவத்துக்கு மாற்றுகிறது. அடுத்து ‘ஜாவா’ கட்டளை அதை நம் கணினியில் ஓட்டுகிறது. ஒருமுறை மாற்றிய பைட்கோட், ஜாவா உள்ள எந்தக் கணினியிலும் ஓடும்.

மற்ற சொற்களை நம் அப்பார்ட்மென்ட்டை வைத்தே சொல்லலாம். ‘கிளாஸ்’ என்பது கட்டடம். ஜாவாவில் எதுவும் ஒரு கட்டடத்துக்குள்தான் இருக்க வேண்டும். ‘மெயின்’ என்பது மெயின் கேட். ஓட்டம் தொடங்கும் வாசல். ‘பப்ளிக்’ என்றால் வெளியிலிருந்து வருபவருக்கும் அது திறந்திருக்கும். ‘ஸ்டேட்டிக்’ என்றால் உள்ளே யாரும் குடிவரும் முன்பே அந்த வாசல் இயங்கும். ‘வாய்ட்’ என்றால் வேலை முடிந்து எதையும் திருப்பித் தராது. நூறு பேர் சேர்ந்து எழுதும் பெரிய நிரலுக்கு இந்த ஒழுங்கு தேவை. ஒரே வரி எழுதும் குழந்தைக்கு அது பாரம்தான்.

ஜாவாவைப் பராமரிப்பவர்களே இதை ஒப்புக்கொண்டார்கள். 2018-இல் வந்த ஜாவா 11-இல், ஒரே கோப்பில் உள்ள நிரலை ஒரே கட்டளையில் ஓட்ட முடிந்தது. 2025 செப்டம்பரில் வந்த ஜாவா 25-இல் கிளாஸ், பப்ளிக், ஸ்டேட்டிக் எதுவுமே எழுதாமல், ‘வாய்ட் மெயின்’ என்று நேராகத் தொடங்கலாம். அந்தச் சிறுமியின் கேள்விக்கு ஏறக்குறைய முப்பது வருடம் கழித்துப் பதில் வந்திருக்கிறது! பள்ளிக் கணினியில் பழைய பதிப்பு இருந்தால் பழைய முறையே எழுத வேண்டும்.

மறுநாள் அவளைக் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னேன். “அப்போ நான் கேட்டது தப்பான கேள்வி இல்லையா?” என்றாள். இல்லவே இல்லை என்றேன். உட்கார்ந்து டைப் செய்தோம். முதல் முறை பிழை: பப்ளிக் கிளாஸுக்கு வைத்த பெயரும் கோப்பின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும், ஒரு பெரிய எழுத்து சிறிய எழுத்தாகியிருந்தது. இரண்டாம் முறை, வரி முடிவில் அரைப்புள்ளி இல்லை. மூன்றாம் முறை ஓடியது.

ஜாவா தொடக்கத்திலிருந்தே யூனிகோடை ஏற்ற மொழி. 1991-இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. அதனால் மேற்கோள் குறிக்குள் ‘வணக்கம்’ என்று மாற்றினாள். திரையில் தமிழ் வந்ததும் பாட்டியைக் கூட்டிவர ஓடினாள்.

உங்களுக்கும் ஆசையா? வயது ஒரு தடையே இல்லை. ஞாயிறு மாலை லேப்டாப்போடு நம் கிளப் ஹவுஸுக்கு வாருங்கள். என்ன கேள்வி வேண்டுமானாலும் கேளுங்கள். ‘அப்புறம் புரியும்’ என்று இனி சொல்ல மாட்டேன்.

– சி பிளாக் குடியிருப்பாளர்