பழைய டிராக்டருக்கு ஆயில் மாத்தப் போறீங்களா? முதல்ல டிப் ஸ்டிக்கைப் பாருங்க!

தாத்தா காலத்து டிராக்டர்களில் பெரும்பாலும் ஹவர் மீட்டர் ஓடாது. '250 மணி நேரத்துக்கு ஒருமுறை இன்ஜின் ஆயில் மாத்தணும்'னு கையேட்டில் இருந்தாலும் எதை வைத்து எண்ணுவது? டீசல் கணக்கு கைகொடுக்கும். மணிக்கு சுமார் 4 லிட்டர் குடிக்கிற வண்டி என்றால், 1,000 லிட்டர் தீர்ந்தபோது 250 மணி நேரம் ஓடியிருக்கும்.

பான் போல்ட்டைக் கழற்றும் முன் டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் கறுத்திருந்தால் பயம் வேண்டாம், அது புகைக்கரி. ஆனால், பால் விட்ட டீ மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. அளவு ஏறிக்கொண்டே போய் டீசல் வாடையும் அடிச்சா, டீசல் கசியுது. இந்த நிலையில் புது ஆயில் ஊற்றுவது வீண் செலவு. மெக்கானிக்கிடம் காட்டாமல் ஓட்டினால் பேரிங், கிராங்க் ஷாஃப்ட் என்று செலவு இழுத்துக்கொண்டே போகும்.

எல்லாம் சரின்னா, சமதரையில் நிறுத்தி 10 நிமிஷம் இன்ஜினை ஓடவிட்டு அணைத்துவிட்டு வடியுங்கள். சூடான ஆயில்தான் அழுக்கோடு இறங்கும் (கை பத்திரம்!). ஃபில்டரையும் கூடவே மாத்திடுங்க. 'அடுத்த தடவை பாத்துக்கலாம்' என்பது கஞ்சத்தனம்கூட இல்லை, நஷ்டம். புது ஆயில் ஊற்றி, கொஞ்ச நேரம் ஓட்டி அணைத்து, மறுபடி அளவு பாருங்கள்.

பலரும் மறக்கிறது கியர் பாக்ஸ் ஆயிலை. பல மாடல்களில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில்தான். சேற்று உழவு முடிந்தால் தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கலாம். ராத்திரி முழுக்க வண்டியை அசைக்காமல் விட்டு, காலையில் அடி போல்ட்டை லேசாகத் தளர்த்துங்கள். தேங்கிய தண்ணீர் முதலில் வெளியே வரும். ஆயிலே வெளுத்துப்போயிருந்தால் மொத்தமும் மாத்தணும். இன்ஜினுக்கு வாங்கியதில் மிச்சம் இருக்கேன்னு இதில் ஊத்தாதீங்க, கையேட்டில் சொன்ன ரகம்தான்.

ஏர் கிளீனர் கிண்ணத்திலும் ஆயில் உண்டு. புழுதியில் ஓட்டினால் தினமும் திறந்து பார்க்கணும். அடியில் மண் படிந்திருந்தால் கழுவிவிட்டு, கோடு வரை மட்டும் ஊற்றுங்கள். அதைத் தாண்டினால் இன்ஜின் அந்த ஆயிலையும் உறிஞ்சிவிடும். ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டோடு திறக்கவே வேண்டாம்.

வடித்த ஆயிலை வாய்க்காலில் கொட்டாதீங்க. 2016 விதிகளின்படி அது அபாயகரமான கழிவு. மூடியுள்ள கேனில் பிடித்து, பழைய ஆயிலைச் சேகரிக்கும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடலாம்.