அடைத்த கதவும் திறந்த கதவும்

மருத்துவம் பயில விரும்பும் இளைஞரிடம், "எந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கப் போகிறாய்?" என்று கேட்கிறோம். பழமை வாய்ந்த கல்லூரியா, பெரிய மருத்துவமனையை உடைய கல்லூரியா, பேராசிரியர்கள் புகழ் பெற்ற கல்லூரியா என்று எண்ணிப் பார்த்து விடை சொல்கிறார். நல்லதுதான். ஆனால் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் வேறொரு கேள்வி எழுகிறது. மாணவர் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே, கல்லூரி தன் மாணவர் யார் யார் என்று தேர்ந்தெடுத்துவிடுகிறதே! வாயிற்கதவு யாருக்குத் திறக்கும், யாருக்கு அடைக்கும் என்பதை முடிவு செய்தவர் யார்? எந்த நியாயத்தைக் கொண்டு?

1869-ஆம் ஆண்டு. ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரம். அறிவுக்குப் பெயர் பெற்ற ஊர். மருத்துவக் கலைக்கு ஐரோப்பாவே தலைவணங்கிய ஊர். அந்நகரப் பல்கலைக் கழகத்தின் கதவை ஒரு பெண் தட்டினார். அவர் பெயர் சோபியா ஜெக்ஸ்-பிளேக். மருத்துவம் பயில வேண்டும் என்றார். கிடைத்த விடை என்ன? ஒரே ஒரு பெண்மணிக்காகத் தனி ஏற்பாடு செய்ய இயலாது என்பது!

'பெண் கூடாது' என்று சொல்லவில்லை; 'ஒருத்தி போதாது' என்றார்கள். மறுப்பதற்கு மரியாதையான சொல் தேடுவது ஆதிக்கத்தின் பழைய வழக்கம். சோபியா சோர்ந்துவிடவில்லை. செய்தித்தாளில் விளம்பரம் செய்தார். ஒருவர் ஐவரானார், பின்னர் எழுவரானார். 1869 அக்டோபரில் நுழைவுத் தேர்வு நடந்தது. எழுதியவர் 152 பேர். அவருள் பெண்கள் ஐவரே. முதல் ஏழு இடங்களில் நான்கை அப்பெண்கள் பெற்றனர்! பெண்ணுக்கு மூளை குறைவு என்று பேசியவர்களின் முன்னால், கணக்கே எழுந்து நின்று சான்று கூறியது.

கதவு திறந்தது, ஆனால் பாதிதான் திறந்தது. ஆண்களோடு அமர்ந்து படிக்கக் கூடாது, தனி வகுப்பு என்றார்கள். கற்பிப்பதும் கற்பிக்காததும் பேராசிரியரின் விருப்பம் என்றார்கள். அடுத்த ஆண்டு, எழுவருள் ஒருவரான எடித் பீச்சி வேதியியல் தேர்வில், பரிசுக்கு உரியவர்களுள் முதல்வராக வந்தார். பரிசு அவருக்குக் கிடைத்ததா? இல்லை. பெண்கள் தனி வகுப்பில் படித்தவர்கள் என்று காரணம் கூறி, அவருக்குக் கீழே நின்ற ஆண் மாணவருக்கு அதை அளித்தனர். தனி வகுப்பில் உட்கார வைத்தவர்களும் அவர்களே. தனி வகுப்பில் உட்கார்ந்தது குற்றம் என்றவர்களும் அவர்களே! ஒதுக்கி வைத்துவிட்டு, ஒதுங்கி நிற்கிறாயே என்று பழிக்கும் இந்த வித்தையை நம் நாட்டுச் சேரிகளும் நன்கு அறியும்.

1870 நவம்பர் 18. உடற்கூற்றுத் தேர்வு எழுத அப்பெண்கள் சர்ஜன்ஸ் ஹால் என்னும் கட்டடத்துக்கு வந்தனர். வாயிலில் பெருங்கூட்டம். சேற்றை வாரி வீசினர். முகத்துக்கு எதிரே கதவை அறைந்து சாத்தினர். உள்ளே சென்றவர்கள் தேர்வு எழுதத் தொடங்கியபோது, ஓர் ஆட்டைக் கூடத்துக்குள் துரத்திவிட்டனர். வசைபாடி நின்றவர்கள் படிப்பறியாப் பாமரர்கள் அல்லர். நாளை நோயாளியின் நாடியைத் தொட்டுப் பார்க்க வேண்டிய மாணவர்கள்! படிப்பு வேறு, பண்பு வேறு என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ? சேறு படிந்த ஆடையுடனேயே அப்பெண்கள் தேர்வை எழுதி முடித்தனர்.

வழக்கு மன்றம் ஏறியது. 1873-இல் தீர்ப்பு வந்தது. அவர்களுக்குப் பட்டம் தரத் தேவையில்லை என்பதோடு, அவர்களைச் சேர்த்துக்கொண்டதே முறையன்று என்றனர் நீதிபதிகளுள் பெரும்பான்மையோர். நான்காண்டு உழைப்பு காற்றில் போயிற்று. கதவு மீண்டும் அடைபட்டது.

அங்கே அடைபட்ட கதவு, இரண்டே ஆண்டுகளில், கடல்களுக்கு அப்பால் நம் சென்னையில் திறந்தது!

1835-இல் பள்ளியாகத் தொடங்கி, 1850-இல் கல்லூரி என்னும் பெயர் பெற்றது சென்னை மருத்துவக் கல்லூரி. வழக்கறிஞர் ஒருவரின் துணைவியாக இந்நகருக்கு வந்தவர் மேரி ஷார்லீப் என்னும் ஆங்கில அம்மையார். ஆண் மருத்துவரின் கண்ணில் படக் கூடாது என்ற கோஷா வழக்கத்தால், பேறுகாலத்தில் துணையின்றித் துடித்து மடியும் பெண்களின் நிலையை அவர் அறிந்தார், உள்ளம் உருகினார். உருகியதோடு நிற்கவில்லை, தாமே மருத்துவராவது என்று துணிந்தார். படைமருத்துவத் தலைவராக இருந்த எட்வர்ட் பால்ஃபர் ஆதரவு தந்தார். 1875-இல் மேரியும் வேறு மூன்று பெண்களும் சென்னைக் கல்லூரியில் சேர்ந்தனர். 1878-இல் அவர் பயிற்சியை முடித்து இங்கிலாந்து சென்றார். 1882-இல் இலண்டன் பல்கலைக் கழகத்துப் பட்டத்தோடு வென்று, மீண்டும் சென்னைக்கே வந்தார்.

பெருமைப்படலாம். ஆனால் பெருமையில் மயங்கிவிடலாகாது. பெண்ணுக்கு உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டா கதவைத் திறந்தார்கள்? மூடப் பழக்கம் பெண்களைக் கொன்றுகொண்டிருந்தது. அந்தச் சாவுதான் சாவியாயிற்று! அன்று நுழைந்த நால்வருள் தமிழ்ப் பெண் ஒருத்தியும் இல்லை. மேரி அம்மையாரின் முயற்சியால் 1885-இல் எழுந்த பெண்கள் மருத்துவமனையின் பெயரிலேயே 'சாதிப் பெண்கள், கோஷாப் பெண்கள்' என்ற சொற்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. நோய்க்குச் சாதி தெரியாது. உடற்கூற்றுக் கூடத்தில் கிடத்தப்படும் உடலில் சாதி நரம்பு எது என்று காட்டிய பேராசிரியரும் எங்கும் இல்லை. பெயர்ப்பலகைக்கு மட்டும் சாதி தெரிந்திருந்தது!

மேலும் முப்பத்திரண்டு ஆண்டுகள் உருண்டோடின. 1907-இல் புதுக்கோட்டையிலிருந்து ஒரு பெண் அக்கல்லூரிக்கு வந்தார். அவர் அன்னை, தேவதாசி முறை என்னும் இழிவு சுமத்தப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். தம் ஊரில் ஆண்கள் கல்லூரியில் சேர்வதற்கே எதிர்ப்பைக் கண்டவர். மன்னரின் ஆதரவால் அங்கே நுழைந்து பயின்றவர். அவரே முத்துலட்சுமி. 1912-இல் மருத்துவராக வெளிவந்தார். பின்னர்ச் சட்டமன்றம் புகுந்தார். எந்த முறை தம் இனத்துப் பெண்களைச் சிறைப்படுத்தியதோ அந்த முறைக்கு எதிராகப் போராடினார். 1947-இல் அதை ஒழிக்கும் சட்டம் வந்தது. 1954-இல் அவர் முயற்சியால் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. ஒரு பெண்ணுக்குத் திறந்த கதவு வழியே எத்தனை பேருக்கு வாழ்வு வந்தது, பாருங்கள்! அந்தக் கதவு அன்று அடைபட்டிருந்தால் இழப்பு முத்துலட்சுமிக்கு மட்டுமா? நாட்டுக்கன்றோ!

எடின்பரோ என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 1876-இல் சட்டம் திருத்தப்பட்டது. சோபியாவும் எடித்தும் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பட்டம் பெற்று, அயர்லாந்தில் உரிமமும் பெற்றனர். எடித் பீச்சி 1883-இல் பம்பாய்க்கு வந்து பெண்களுக்கு மருத்துவம் புரிந்தார். பரிசு மறுக்கப்பட்ட கை, நம் நாட்டுத் தாய்மாரின் துயர் துடைத்தது. எடின்பரோப் பல்கலைக் கழகமோ, 1869-இல் தட்டிய எழுவருக்கும் 2019-இல் பட்டம் வழங்கியது. நூற்றைம்பது ஆண்டுகள்! பெற்றுக்கொள்ள எழுவருள் ஒருவரும் உயிரோடு இல்லை. அவர்களுக்காக இக்காலத்து மாணவியர் மேடையேறிப் பெற்றுக்கொண்டனர். நீதி வந்தது, கல்லறைக்கு வந்தது.

ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி மாறுகிறது. தகுதி, தகுதி என்று முழங்குவோரே, 152 பேரில் முன்னே நின்ற பெண்களைத் துரத்தியபோது உங்கள் தகுதி எங்கே போயிருந்தது? கதவைப் பூட்டியவன் கையில் தகுதி ஒரு பூட்டு. தட்டுகிறவன் அதைக் காட்டினால் மட்டும் அது செல்லாக்காசு! 2020-இல் தமிழ்நாடு அரசுப் பள்ளியில் பயின்ற பிள்ளைகளுக்கென மருத்துவக் கல்லூரியில் 7.5 விழுக்காடு இடத்தை ஒதுக்கியது. அதுவும் கதவைத் தட்டிய கைகளின் கதையே.

மருத்துவம் பயிலப் புறப்படும் தம்பியே, தங்கையே! நல்ல கல்லூரியைத் தேடு. அதன் கட்டடத்தைப் பார், ஆய்வுக்கூடத்தைப் பார். அதன் வாயிலையும் பார். நீ நுழைந்தபின் உனக்குப் பின்னால் வருகிறவருக்கு அக்கதவைத் திறந்து பிடி. மருத்துவப் பயிற்சியின் முதற்பாடம் அதுவே.