ஐசி நம்பர்

அப்பாவுக்கு அந்த அழைப்பு வந்தது போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அம்மா சந்தைக்குப் போயிருந்தார், நான் வேலையில் இருந்தேன். பதிவு செய்யப்பட்ட ஒரு பெண் குரல் மலாயில் பேசியது. உங்கள் பேரில் வந்த பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, விவரத்துக்கு ஒன்பதை அழுத்துங்கள் என்றது. அப்பா அழுத்தினார். அடுத்து பார்சல் கம்பெனி ஆள் என்று ஒருவன் வந்தான். பார்சலுக்குள் யார் யாருடைய ஐசியோ ஏடிஎம் கார்டுகளோ இருக்கின்றன, போலீசுக்குச் சொல்லியாக வேண்டும், நானே லைனை மாற்றித் தருகிறேன் என்றான். பிறகு ஒரு 'சார்ஜன்'. அவன் அப்பாவின் ஐசி நம்பரை, அப்பா வாயைத் திறப்பதற்கு முன்பே, 12 இலக்கமும் பிசகாமல் வாசித்தான். கடைசியாக வந்தவன் 'இன்ஸ்பெக்டர்'. பேரைக் கேட்டுவிட்டு, "நீங்க தமிழா?" என்று தமிழுக்கு மாறினான்.

மூன்று மணி நேரம் லைன் அறுபடவே இல்லை. பேங்குக்கு நடந்துபோகும்போதும் போன் சட்டைப் பையில் ஓடிக்கொண்டே இருந்தது. விசாரணை முடியும்வரை பணத்தைப் 'பாதுகாப்பாக' வைத்திருக்க இரண்டு கணக்குகளுக்கு மாற்றச் சொன்னான். 27,400 வெள்ளி. 31 வருஷம் தொழிற்சாலையில் நின்று சேர்த்த ஈபிஎஃப் பணத்தில் மிச்சமிருந்தது அவ்வளவுதான்.

எங்களிடம் சொன்னது நாலு நாள் கழித்து. 2022 அக்டோபரிலிருந்து 997 என்ற அவசர எண் நம் நாட்டில் இருக்கிறது. பணம் போன கொஞ்ச நேரத்துக்குள் கூப்பிட்டால் போன பணத்தை வழியிலேயே மடக்க ஒரு வாய்ப்பு உண்டு. நாலு நாள் கழித்து எதை மடக்குவது? மலாயில் இந்த மாதிரிக் கணக்குகளை 'அக்காவுன் கெல்டாய்' என்கிறார்கள், கழுதைக் கணக்கு. கழுதை சுமையை இறக்கிவிட்டு எப்போதோ போய்விட்டது.

"நம்பரைப் பாக்கலையாப்பா?" என்று கேட்டேன். கேட்ட தொனி சரியில்லை என்று இப்போது தெரிகிறது.

"பாத்தேன்மா. அவனேதான் பாக்கச் சொன்னான். கூகுள்ல அடிச்சுப் பாருங்க, எங்க தலைமையகத்து நம்பர்தான்னான். அடிச்சுப் பாத்தேன். சரியாத்தான் இருந்துச்சு."

எனக்குப் பேச்சு வரவில்லை. நான் மின்னணுப் பொறியியல் படித்தவள். இங்கேயே, உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில். ஒரு செமஸ்டர் முழுக்கத் தொலைபேசி வலையமைப்புகள் பற்றிப் படித்து நல்ல மார்க்கும் வாங்கினேன். திரையில் தெரியும் நம்பருக்கு எந்த மதிப்பும் இல்லை என்பது எனக்குப் பரீட்சைக்குத் தெரியும். வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை. இந்தக் கட்டுரை அந்தச் சொல்லாமல் விட்டதைச் சொல்வதற்காகத்தான்.

ஆரம்பத்தில் தொலைபேசிக்கு நடுவில் ஒரு மனுஷர் இருந்தார். கிரஹாம் பெல் 1876இல் காப்புரிமை வாங்கினார், 1879இலேயே சிங்கப்பூருக்குத் தொலைபேசி வந்துவிட்டது. இணைப்பகத்தில் ஒருவர் உட்கார்ந்து கையால் ஒயரைச் செருகித்தான் இரண்டு பேரைப் பேச வைக்க வேண்டும். எந்தத் துளையிலிருந்து அழைப்பு வருகிறது என்று அவர் கண்ணால் பார்த்தார். அந்த ஆளை நடுவிலிருந்து எடுத்தவர் ஆல்மன் ஸ்ட்ரௌஜர் என்ற அமெரிக்கர். தொழில் சவ அடக்கம். போட்டிக் கடைக்காரரின் மனைவி இணைப்பகத்தில் உட்கார்ந்துகொண்டு தனக்கு வர வேண்டிய சாவுகளையெல்லாம் அங்கே திருப்பிவிடுகிறார் என்று சந்தேகப்பட்டுத்தான் தானியங்கி இணைப்பகத்தைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உண்டு. 1891இல் காப்புரிமை. கதை உண்மையோ இல்லையோ, எனக்குப் பிடித்த கதை. நடுவில் இருக்கும் ஆள்மேல் உள்ள சந்தேகத்தால் இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். பிறகு இயந்திரத்தின்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அடுத்த கட்டம் இன்னும் சுவாரசியமானது. அமெரிக்காவில் தொலைதூர இணைப்பகங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஒலிகளைப் பயன்படுத்தின. 2600 ஹெர்ட்ஸ் ஒலி வந்தால் 'லைன் காலி' என்று அர்த்தம். நாம் பேசும் அதே பாதையில்தான் அந்த ஒலியும் போனது. ஜோ எங்க்ரெசியா என்ற பார்வையற்ற சிறுவன் சீட்டி அடித்தே அந்த ஒலியை எழுப்பினான், இணைப்பகம் அவனுக்கு அடிபணிந்தது. ஜான் டிரேப்பருக்குக் காலை உணவுப் பெட்டியோடு இலவசமாக வந்த ஒரு விசில் போதுமானதாக இருந்தது. ஸ்டீவ் வோஸ்னியாக்கும் ஸ்டீவ் ஜாப்சும் ஆப்பிளுக்கு முன்னால் இந்த ஏமாற்று வேலைக்கான பெட்டிகளைச் செய்து விற்றார்கள். இன்று அதைக் குறும்பு என்று சிரித்துக்கொண்டே சொல்கிறோம்.

இதற்குக் கண்டுபிடித்த தீர்வுதான் நான் பாடமாகப் படித்தது. சமிக்ஞையைப் பேச்சிலிருந்து பிரித்துத் தனிப் பாதையில் விட்டார்கள். 1980இல் சர்வதேசத் தரமாக வந்த 'சிக்னலிங் சிஸ்டம் நம்பர் 7' அதுதான். இனி வீட்டிலிருந்து விசில் அடித்தால் ஒன்றும் நடக்காது. ஆனால் இணைப்பகத்தை இணைப்பகம் நம்பியது. அன்றைக்கு ஒவ்வொரு நாட்டிலும் தொலைபேசி என்றால் ஒரு அரசாங்க இலாகா, இல்லையென்றால் ஒரு பெரிய கம்பெனி. நம் நாட்டில் 1987வரை அது அரசு இலாகாதான். அந்த நாலைந்து கனவான்களுக்குள் ஒருவர் "கூப்பிடுகிறவரின் நம்பர் இது" என்றால் அடுத்தவர் ஏன் சந்தேகப்பட வேண்டும்? சோதித்துப் பார்க்கும் ஏற்பாடே வைக்கவில்லை. பிறகு இணையம் வழியாகப் பேசும் காலம் வந்தது. ஒரு கணினியும் கொஞ்சம் மென்பொருளும் இருந்தால் எவனும் இணைப்பகம் மாதிரி நடந்துகொள்ளலாம், எந்த நம்பரை வேண்டுமானாலும் தன் நம்பர் என்று சொல்லலாம். கடித உறையின் பின்பக்கம் எழுதுகிற அனுப்புநர் முகவரி மாதிரிதான் அது. 'பிரதமர் அலுவலகம்' என்று நான்கூட எழுதலாம், தபால்காரர் கேட்கப்போவதில்லை.

ஆனால் முன்பக்கத்து முகவரி வேறு விஷயம். நாமே போலீஸ் தலைமையகத்து எண்ணை அடித்தால் வலையமைப்பு உண்மையான இடத்தைத் தேடித்தான் போகும். அப்பா அந்த நம்பரை கூகுளில் அடித்தார். லைனை வைத்துவிட்டு அதே நம்பரைப் போனில் அடித்திருந்தால் நிஜமான போலீஸ்காரர் எடுத்திருப்பார். இந்த ஒரு வரியை நான் வீட்டில் சொல்லியிருக்கலாம்.

சிங்கப்பூரில் 2020 ஏப்ரல் 15 முதல் வெளிநாட்டிலிருந்து வரும் எல்லா அழைப்புகளுக்கும் முன்னால் கூட்டல் குறி போடுகிறார்கள். அமெரிக்காவில் 2021இலிருந்து பெரிய நிறுவனங்கள் இணையவழி அழைப்புகளின் நம்பருக்கு மின்கையொப்பம் இட வேண்டும். எல்லாம் நல்லதுதான். இணையவழி அழைப்பை உள்நாட்டு சிம் கார்டு வழியாகத் திருப்பி அனுப்பும் பெட்டிகளும் கூடவே வந்துவிட்டன, அந்த அழைப்புக்குக் கூட்டல் குறி வராது.

இனி, அந்த நாலு குரல்கள். பார்சல்காரன், சார்ஜன், இன்ஸ்பெக்டர் என்று ஒருவர் மாற்றி ஒருவர் வந்ததெல்லாம் அந்த நேரத்துக்கு யோசித்ததில்லை. தைவானில் 1990களின் கடைசியில் சுரண்டல் லாட்டரியில் பரிசு விழுந்திருக்கிறது என்று தொடங்கிய தொழில் இது. அங்கே தொல்லை பெருகி 2004இல் 165 என்ற புகார் எண்ணையே திறந்தார்கள். கும்பல்கள் கடல் தாண்டிச் சீனாவுக்குப் போயின. 2009இல் சீனாவும் தைவானும் குற்றத் தடுப்பு ஒப்பந்தம் போட்டதும் தென்கிழக்காசியா பக்கம் நகர்ந்தன. இதற்குள் வேலைப் பிரிவினையும் கெட்டிப்பட்டிருந்தது. முதல் வரிசை கூரியர் அல்லது டெலிபோன் கம்பெனி ஆள், இரண்டாம் வரிசை போலீஸ், மூன்றாம் வரிசை அரசு வழக்கறிஞர். ஒவ்வொருவருக்கும் எழுதித் தந்த வசனம். அப்பா கேட்டது அந்த நாடகத்தின் மலாய், தமிழ் மொழிபெயர்ப்பு. நாடகத்துக்கு ஏறக்குறைய என் வயசு.

மலேசியா இந்த வரலாற்றில் ஓரமாக நின்ற நாடு இல்லை. இங்கே வீடு எடுத்து உட்கார்ந்து சீனாவுக்குப் போன் அடித்த கும்பல்கள் பிடிபட்டன. 2016 ஏப்ரலில் 20 தைவான்காரர்களை அவர்கள் ஊருக்கே அனுப்பினோம், போதிய ஆதாரம் இல்லை என்று அங்கே இறங்கியதும் விட்டுவிட்டார்கள். பெய்ஜிங் கொதித்தது. அந்த மாதக் கடைசியில் இன்னொரு 32 பேரைச் சீனாவுக்கே அனுப்பினோம். அதே வருஷம் ஆகஸ்டில் ஷாண்டோங் மாநிலத்தில், பல்கலைக்கழகம் போகவிருந்த 18 வயதுப் பெண் ஒருத்தி கல்வி உதவித்தொகை தருவதாகச் சொன்னவர்களிடம் 9,900 யுவானை இழந்தாள். போலீசில் சொல்லிவிட்டுத் திரும்பும் வழியில் மயங்கி விழுந்தவள் இரண்டு நாளில் இதயம் நின்று இறந்துபோனாள். அது குடும்பம் சேர்த்துக் கொடுத்த படிப்புக் காசு.

அப்பாவின் ஐசி நம்பர் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. 2017 அக்டோபரில் 4 கோடியே 62 லட்சம் மலேசியக் கைப்பேசி எண்களின் விவரம் வெளியே கசிந்துவிட்டதை லோயாட் இணையத்தளம் வெளிப்படுத்தியது. பேர், முகவரி, ஐசி எல்லாம் சேர்த்து. நாட்டின் மக்கள்தொகையைவிட அதிகம் அது.

எனக்குப் புரியாமல் இருந்தது அந்த நாலு நாள்தான். ஏன் எங்களிடம் சொல்லவில்லை? கேட்கக் கேட்க அப்பா கோபப்பட்டார். ஒரு ராத்திரி அவராகவே சொன்னார்.

"ரகசியச் சட்டத்துல கேஸு, வெளிய சொன்னா வீட்ல உள்ளவங்களையும் உள்ள வைப்போம்னான். உன்னையும் புடிச்சிருவானுங்கன்னு நெனச்சேம்மா. ஐசி சமாச்சாரம்னா விளையாட்டா?"

அப்பா 1963இல் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அடையாள அட்டை இந்த நாட்டுக்கு வந்த விதத்தை நான் பள்ளிப் பாடத்தில் ஒரு வரியாகத்தான் படித்திருக்கிறேன். 1948 ஜூனில் அவசரகாலம் அறிவித்த பிரிட்டிஷ் அரசு, 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாரையும் படம் பிடித்து, பெருவிரல் ரேகை வாங்கி, அட்டை கொடுத்தது. கம்யூனிஸ்டுகள் அந்த அட்டைகளைப் பறித்துக் கிழித்தார்கள். அட்டை இல்லாமல் சோதனைச் சாவடியில் மாட்டினால் இந்தப் பக்கம் அடி, அட்டை வைத்திருந்தால் அந்தப் பக்கம் அடி. தாத்தாவுக்கு அப்போது 18 வயது. கடைசிவரை ஐசியை மைலோ டின்னுக்குள் பிளாஸ்டிக் பையில் சுற்றித்தான் வைத்திருந்தார்.

அடுத்த அடி 1969 கலவரத்துக்குப் பிறகு. முந்தின வருஷம் கொண்டுவந்த சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும் என்றார்கள். தோட்டத்தில் எத்தனை பேருக்கு விண்ணப்பம் எழுதத் தெரியும்? சிவப்பு ஐசியோடு இருந்தவர்களில் சுமார் 60,000 பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். தாத்தாவின் அண்ணன் ரஜூலா கப்பலில் போனார். அப்பாவுக்கு அப்போது ஏழு வயது. ஆபிஸ் வாசலில் கிராணி பேர் வாசித்ததும், பெரியப்பா பேர் வந்ததும், யாரும் எதுவும் கேட்காமல் கலைந்ததும் அவருக்கு ஞாபகம் இருக்கிறது. ஏன் என்று யாராவது கேட்டார்களா என்றேன். "கிராணிகிட்ட யாரு கேப்பா?" என்றார்.

இதைப் பெரிய கோட்பாடாக ஆக்க எனக்கு விருப்பம் இல்லை. ஓய்வுபெற்ற டாக்டர்களும் கணக்காளர்களும் இதே நாடகத்தில் லட்சக்கணக்கில் இழக்கிறார்கள், அவர்கள் யாரும் லயத்தில் வளர்ந்தவர்கள் இல்லை. ஆனால் என் அப்பாவின் விஷயத்தில், பேர் வாசிக்கும் குரலை மறித்துக் கேள்வி கேட்கக்கூடாது என்று அவருக்கு யாரோ கற்றுக்கொடுத்திருந்தார்கள். தைவானில் வசனம் எழுதியவனுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை.

பணத்தைவிட அப்பாவை உறுத்துவது அந்தத் தமிழ் பேசிய இன்ஸ்பெக்டர். "மிரட்டவே இல்லம்மா. அண்ணே அண்ணேன்னு பதமா பேசினான். நம்ம வீட்டுப் பையன் மாதிரி இருந்துச்சு." முதலில் எனக்கு அவன்மேல் வெறிதான். பிறகு ஐநா மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையைப் படித்தேன். மியன்மாரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் வலுக்கட்டாயமாக இந்த இணைய மோசடி வேலையில் அடைபட்டிருக்கலாம் என்கிறது அது. நல்ல சம்பளம், தங்க இடம் இலவசம் என்ற விளம்பரத்தை நம்பிப் போன மலேசியப் பையன்களும் அதில் உண்டு. போனதும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள். வெளியே வர வேண்டுமென்றால் 'கடனை' அடைக்க வேண்டும். முன்பணக் கடனும் கங்காணியின் இனிப்புப் பேச்சும் நமக்குப் புதுசா? ஒப்பந்தக் கூலிமுறை மலாயாவில் 1910இல் ஒழிந்தது. கங்காணி ஆள்சேர்ப்பும் 1938இல் இந்திய அரசு தடை போட்டதும் முடிந்தது. பாட்டனாரைக் கூட்டிவந்த அதே பேச்சு இப்போது டெலிகிராமில் வருகிறது. அப்பாவிடம் பேசியவன் அப்படி மாட்டியவனா, பங்களாவில் உட்கார்ந்து கமிஷன் வாங்குகிறவனா என்று சொல்ல எனக்கு வழி இல்லை. அப்பாவிடம் இந்த அறிக்கையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அடிப்பானுங்களா அவனை?" என்று கேட்டார்.

இப்போது வீட்டில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். தெரியாத நம்பர் எடுத்தால் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட வேண்டும், தேவையென்றால் நாமே அந்த அலுவலகத்து எண்ணை அடிக்க வேண்டும். அப்பா அதைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டார். வைப்பதற்கு முன்னால் மலாயில் ஒன்று சொல்கிறார்: கடிதம் போடுங்கள். ஐசி நம்பரைப் படித்துக் காட்டினாலும் அதே பதில்தான்.

போன வாரம் ஆபிஸ் மேசைப் போனிலிருந்து கூப்பிட்டேன். என் கைப்பேசியில் சார்ஜ் இல்லை. இரண்டு மணி அடித்து எடுத்தார்.

"அப்பா, நான்தான்."

"யாரு நீங்க?"

"நான்தான்பா."

"கடுதாசி போடுங்க" என்று தமிழில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.